வாசித்தே தீர்ந்துபோன விளையாட்டுகள்

விளையாட்டுச் செய்தி திருத்தும் தொழில், குசினியில் நின்று சமைத்தவருக்கு மணத்திலேயே வயிறு நிறைந்து, இலைக்கு முன்னால் அமரும்போது சோறு இறங்காமற்போவதைப் போன்றது. விளையாட்டு என்று நான் சொல்வது பந்தும் மட்டையும் அன்று; திரையிலே விளையாடுவது, ‘கேம்’ என்று எல்லாரும் சொல்வது. புதிதாக எது வருகிறது, எது பிந்துகிறது, எதில் என்ன மாறுகிறது, எதை யார் குறை சொன்னார் என்பவற்றை நாள்தோறும் வாசித்து, வாசித்த களைப்பிலேயே விளையாட்டை மூடி வைத்துவிடும் அன்பர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் வரவில்லை. உங்களைவிட மோசமான நிலையில் ஒருத்தி கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் இருக்கிறாள் என்று தெரிவிக்கவே எழுதுகிறேன்.

பதவி வந்த விதம்

தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அடுத்த ஆண்டு, கிணற்றடியில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டேன். மாவுக்கட்டோடு கட்டிலிற் கிடந்த எனக்குப் பொழுது போகட்டும் என்று, வவுனியாவில் இருக்கும் மகள் தன்னுடைய பழைய ‘ரப்’பைக் கொண்டுவந்து தந்தாள். கைப்பேசியைவிடச் சற்றே பெரிய கருவி. அதில் ஒரு விளையாட்டு இருந்தது. கடல் நடுவே ஒரு தீவு. விளையாடுபவர் ஒவ்வொருவருக்கும் கரையில் ஒரு துண்டு நிலம். அதில் வீடு கட்டலாம், தோட்டம் செய்யலாம், ஆடு வளர்க்கலாம், அயல் வளவுகளுக்குப் போய்வரலாம். அயலவர் என்போர் வெவ்வேறு நாடுகளிலிருந்து விளையாடும் மெய்யான மனிதர்கள். ஒரு மாதம் எதையும் வாசிக்காமல், எவரையும் கேளாமல் விளையாடினேன். கத்தரிக் கன்றுகளை வெறும் மணலில் நட்டுப் பட்டுப்போக விட்டேன். வீட்டு வாசலைக் கடலுக்கு எதிர்ப்புறம் வைத்துவிட்டு, கடலைப் பார்ப்பதற்கு ஒவ்வொரு முறையும் வீட்டைச் சுற்றி நடந்தேன். ஒருநாள் காலையில் என் வேலியில் ஒரு கொக்கு வந்து நின்றபோது, மாவுக்கட்டை மறந்து கட்டிலைவிட்டு எழும்பப் பார்த்தேன்.

அயல் வளவு ஆடு என் தோட்டத்துக்குள் வராமல் தடுப்பது எப்படி என்று கேட்பதற்காக, தமிழில் உரையாடும் இணையக் குழுவொன்றிற் சேர்ந்தேன். அங்கேதான் தவறு நேர்ந்தது. குழுவின் செய்திப் பகுதியில் இருந்த தமிழைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க இயலவில்லை. ஒரே செய்தியில் பதினொரு பிழைகளைச் சுட்டி எழுதினேன். அன்று மாலையே குழுவை நடத்தும் ஜெகன் தொலைபேசியில் அழைத்தார். கிளிநொச்சி நகரிலே கைப்பேசி திருத்தும் கடை வைத்திருப்பவர். பிறநாட்டுத் தளங்களில் வரும் செய்திகளை இயந்திரத்தைக் கொண்டு தமிழாக்கி, விடிந்ததும் எனக்கு அனுப்புவாராம். எட்டு மணிக்கு முன்னர் நான் திருத்திக் கொடுத்தாற் போதுமாம். கௌரவப் பதவி. உடன்பட்டேன். ஆனால், “இனிமேலாவது கவனமாக எழுதுவீர்களா?” என்று கேட்டுவைத்தேன்.

“இல்லை ரீச்சர், நீங்கள் இருக்கிறியள் எண்ட தைரியத்தில இனித்தான் பயமில்லாமல் பிழை விடலாம்” என்றார் ஜெகன்.

ஃபரீதாவின் கரை

தீவில் என் நிலத்துக்கு அடுத்த நிலம் ஃபரீதாவுடையது. முல்லைத்தீவு நகரில் கணவரோடு புடவைக் கடை நடத்துபவர். சிறுமியாக இருந்தபோது, வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய நாட்களில், பெற்றோருடன் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கேயே படித்து, மணமுடித்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு தகப்பனின் ஊருக்குத் திரும்பியவர். கடையில் ஆள் குறைந்த பிற்பகல்களில் தீவுக்கு வருவார். அவர் கட்டியதைப் போன்ற ஒரு வீட்டை அந்தக் கரையில் வேறெவரும் கட்டவில்லை. நீல யன்னல்கள், முன்னால் நீண்ட விறாந்தை, பக்கத்தில் ஒரு முருங்கை. முல்லைத்தீவில் இருந்த தகப்பன் வீடு அப்படித்தான் இருந்ததாம். இன்று அந்த வளவில் அத்திவாரக் கற்கள் மட்டுமே உள்ளன. தீவு வீட்டைக் கட்டி முடித்துவிட்டதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு யன்னலைக் கழற்றி அரைச்சாண் தள்ளிப் பொருத்துவார். பிறகு தூரப் போய் நின்று பார்ப்பார். அப்படி நின்று பார்ப்பதில் அவருக்கு இருந்த மகிழ்ச்சிக்காகவே நான் சிலவேளை என் வேலை எதையும் செய்யாமல் வேலியோரம் நின்றதுண்டு.

அவர் எந்தச் செய்தியும் வாசிப்பதில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை. பதவியேற்ற புதிதல்லவா! நாம் பாடுபட்டுத் திருத்தி வெளியிடுவதை அடுத்த வளவுக்காரியே வாசிக்காவிட்டால் எப்படி? வற்புறுத்திக் குழுவிற் சேர்த்தேன். ஒவ்வொரு செய்திக்கும் கைப்பேசி ஒலிக்கும்படி அமைப்பது எவ்வாறு என்பதையும் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து, பயனாக இருக்கிறதா என்று கேட்டேன். அவர் சொன்ன மறுமொழியை அன்று நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

“ஓம் ரீச்சர், நல்லாத்தான் இருக்கு. முந்தி வீட்டுக்குள்ள போனால் வீட்டைப் பாப்பன். இப்ப வீட்டில என்ன குறையெண்டு பாக்கிறன்.”

சேறு

எங்கள் குழுவில் இருக்கும் துணுக்காய்த் தவராசா அண்ணன் நெல் விதைப்பவர். சொந்தமாக உழவு இயந்திரம் வைத்திருப்பவர். பகல் முழுவதும் வயலில் அதை ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தேநீர் குடித்து, கைப்பேசியில் உழவு இயந்திரம் ஓட்டும் விளையாட்டைத் திறப்பார். மனைவி தலையில் அடித்துக்கொள்வாராம். அந்த விளையாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார். அங்கே டீசல் தட்டுப்பாடு இல்லை, யானை இல்லை, வரம்பில் நின்று யோசனை சொல்லுகிறவர் இல்லவே இல்லை.

ஒருநாள் ஜெகன் அனுப்பிய திறனாய்வு ஒன்றைத் திருத்தினேன். தவராசா அண்ணனின் விளையாட்டைக் கிழித்துப் போட்டிருந்தார்கள். சேற்றிலே சக்கரம் புதையும் விதம் இயற்கைக்கு மாறானது என்பதும், எந்த நிலத்திலும் ஒரே ஆழத்துக்கே புதைகிறது என்பதும் முதன்மையான குற்றச்சாட்டுகள். மொழிபெயர்ப்பில் மழுங்கியிருந்த கண்டனத்தை நான் தீட்டிக் கூராக்கி வெளியிட்டேன். மூன்றாம் நாள் தவராசா அண்ணன் அழைத்தார். விளையாட்டைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டாராம். “மெய்யான சேற்றிலேயே நாள் முழுவதும் நிற்கிற உங்களுக்கு அந்தக் குறை முன்பே தெரிந்திருக்க வேண்டுமே அண்ணன்?” என்று கேட்டேன்.

“நீங்கள் எழுதினதை வாசிக்குமட்டும் அதில சேறு இருக்கெண்டே நான் பாக்கேல்லை, ரீச்சர். இப்ப சேத்தைத் தவிர வேறொண்டும் தெரியுதில்லை” என்றார் அவர்.

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அவரையும் தீவுக்கு அழைத்து வந்தேன்.

மிகச் சிறந்த தோட்டம்

தீவில் எதை எங்கே நட்டால் அதிக விளைச்சல் கிடைக்கும் என்று கணக்கிட்டு, யாரோ ஒரு வெளிநாட்டவர் படமொன்று வரைந்திருந்தார். நான்கு வரிசை பயற்றைக்கொடி, இரண்டு வரிசை மிளகாய், நடுவே கிணறு, மூலையில் ஆட்டுப்பட்டி. அந்தப் படத்துக்கு விளக்கக் குறிப்பு எழுதி, ‘மிகச் சிறந்த தோட்ட அமைப்பு’ என்று தலைப்பிட்டேன். அதன் பிறகு பத்து நாட்கள் தீவுப் பக்கம் போக நேரமில்லை. செய்திகள் குவிந்து கிடந்தன. பதினோராம் நாள் போனேன். என் வளவைக் கண்டுபிடிக்க இயலவில்லை. கரை நெடுகிலும் நான்கு வரிசை பயற்றை, இரண்டு வரிசை மிளகாய், நடுவே கிணறு. முன்பெல்லாம் ஒருவர் தென்னம்பிள்ளையை வட்டமாக நட்டிருப்பார். இன்னொருவர் வளவு முழுவதும் செவ்வந்தி மட்டும் வைத்திருப்பார். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டார்கள். அடையாளத்துக்கு நின்றது ஃபரீதாவின் நீல யன்னல் வீடு ஒன்றே. அதைப் பிடித்துக்கொண்டு என் வேலிப் படலைக்கு வந்துசேர்ந்தால், உள்ளே செட்டிகுளத்துச் சாந்தி கூடையோடு நிற்கிறார். என் பயற்றங்காய் எல்லாம் அவருடைய கூடைக்குள் இருந்தது.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர், என்ர வளவெண்டு நினைச்சுப் பிடுங்கிப்போட்டன், ஆனால் நீங்களும் ஒருக்கா எட்டிப் பாருங்கோ, ஏதும் வித்தியாசம் தெரியுதோ?” என்று கேட்டார்.

பிந்தி வந்த கொலை

துப்பறியும் விளையாட்டு ஒன்று வரப்போவதாக அறிவித்தார்கள். மலையுச்சியில் ஒரு மாளிகை. அதில் ஒரு கொலை. கொலையாளியை நாமே கண்டுபிடிக்க வேண்டும். இதையாவது ஆசை தீர விளையாடுவது என்று முடிவு செய்தேன். அது மூன்று முறை பிந்தியது. பிந்திய ஒவ்வொரு முறையும் எங்களை ஆற்றுவதற்காக ஏதாவதொன்றை வெளியிட்டார்கள்: ஒரு கிழமை சமையற்காரியின் படம், மறு கிழமை படிக்கட்டின் படம், அடுத்து மழையொலி எங்கே பதிவு செய்யப்பட்டது என்ற நேர்காணல். அத்தனையையும் திருத்தினேன். விளையாட்டு வந்துசேர்ந்த நாளில் மாளிகைக் கதவைத் திறந்து உள்ளே போனேன். எந்தப் படி கிறீச்சிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் அறை அலுமாரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தது. இருபதாவது நிமிடத்திற் கொட்டாவி வந்தது.

என் கணவர், செய்தி எதையும் வாசியாதவர், “அப்பிடியெண்டால் இஞ்ச தாரும்” என்று கருவியை வாங்கிக்கொண்டார். நான்கு பிற்பகல்கள் அந்த மாளிகையில் தங்கினார். சமையற்காரியைச் சந்தேகித்தார்; தோட்டக்காரனைச் சந்தேகித்தார்; கொலையுண்டவரையே ஒருநாள் சந்தேகித்தார். மூன்றாம் நாள் மதியம் சாப்பிடும்போது, கொலையைச் செய்தவர் மருத்துவர்தான் என்று கையை உதறிச் சொன்னார். எனக்குப் புரையேறி ஓர் இருமல் வந்தது. அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீர் இருமினதிலயே டொக்டர் இல்லையெண்டு விளங்கீற்றுது, இனி இந்தக் கொலை முடியுமட்டும் நீர் குசினியில இருந்து சாப்பிடும்.”

மழை வேண்டுவோரும் வேண்டாதோரும்

தீவில் மாரி காலம் வரப்போகிறது என்று நிறுவனம் அறிவித்தது. அதுவரை அங்கே வெயில் மட்டுமே இருந்தது. அறிவித்த அன்றே எங்கள் குழு இரண்டாகப் பிளந்தது. மழை வந்தால் விளையாட்டின் அழகு கூடும் என்றது ஓர் அணி. பழகிய தீவைக் கெடுக்கிறார்கள் என்றது மற்றது. வசைகளை நீக்குவதும் என் பொறுப்பாயிற்று. நீக்குவதற்கு முன் அவற்றை மனத்துக்குள் திருத்திப் பார்க்கும் வழக்கத்தை இன்னும் விடமுடியவில்லை. வவுனியாவில் மருந்துக் கடை வைத்திருக்கும் ஒருவர் எல்லாரையும்விட ஆவேசமாக எழுதினார். அவருடைய நிலத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். முழங்காலளவு புல். ஓராண்டாக அவர் தீவுக்கே வரவில்லை. கேட்டதற்கு, விளையாடப் போனால் வாதாட நேரம் கிடைப்பதில்லை என்றார்.

மழை வந்தது. வாய்விட்டுச் சொல்கிறேன், அழகான மழை. கடலில் விழும் துளி வேறு, தகரத்தில் விழும் துளி வேறாக ஒலித்தது. கரையில் ஆளில்லை, அனைவரும் குழுவிற் சண்டையில் இருந்தார்கள். ஃபரீதா மட்டும் தன் விறாந்தையில் நின்றார். முன்பென்றால் ஓடிவந்து முற்றத்தில் நின்றிருப்பார். “இறங்கி வாரும் ஃபரீதா, நனைந்து பார்ப்போம்” என்று எழுதினேன். அங்கே நின்றபடியே அவர் குழுவின் சண்டையை வாசித்துக்கொண்டிருந்தாராம்.

“மழை நல்லதோ கூடாதோ எண்டு அங்க இன்னும் முடிவாகேல்லையே ரீச்சர், அதுக்குள்ள எப்பிடி நனையிறது?” என்று கேட்டார்.

கழற்றிய கூரைகள்

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. ஒரு புதன்கிழமை காலை ஜெகன் அனுப்பிய செய்திகளுள் ஒன்று, தீவு விளையாட்டை மாத முடிவோடு மூடிவிடப் போகிறார்கள் என்றது. ஒரேயொரு தளத்தில் மட்டும் வந்த செய்தி. “கெதியாத் தாங்கோ ரீச்சர், மற்றவை போட முந்தி நாங்கள் போடுவம்” என்று ஜெகன் அவசரப்படுத்தினார். எழுத்துப் பார்த்தேன், சொல் பார்த்தேன், வாக்கியம் பார்த்தேன். உண்மையா என்று மட்டும் பார்க்கவில்லை. எட்டு மணிக்கு முன்னரே வெளியிட்டோம். ஃபரீதாவின் கைப்பேசி ஒலித்திருக்கும். ஒலிக்க வைத்தவள் நான்.

பத்து மணியளவில் தீவுக்குப் போனேன். ரொறன்ரோக்காரர் கடற்கரையிற் கூடி விளக்கேற்றி வாணம் விட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னைக்காரர் நினைவுக்குப் படம் பிடித்தார்கள். எங்கள் பக்கத்துக் கரையிலோ, கிளிநொச்சி, துணுக்காய், செட்டிகுளம், முல்லைத்தீவு என எல்லாரும் தத்தம் வீட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். முதலிற் கதவுகள், பின்பு நிலைகள், பின்பு யன்னல்கள், கடைசியாகக் கூரைத் தகரம். ஆணிகளைக்கூடப் பொறுக்கிப் பெட்டியிற் போட்டார்கள். தீவில் மரம் ஏற்றுவதற்கென்று ஆளுக்கொரு தள்ளுவண்டி உண்டு. ஒவ்வொரு முற்றத்திலும் அது வந்து நின்றது. எவரும் எவருக்கும் சொல்லவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யவுமில்லை. விளையாட்டை மூடினால் வண்டியும் பெட்டியும் தகரமும் சேர்ந்துதான் மறையும் என்பதை அறியாதவர் அங்கே ஒருவருமில்லை. நானும் அறிவேன். அறிந்திருந்தும் என் கூரையில் இரண்டு தகரங்களைக் கழற்றிய பின்புதான், இவற்றை எங்கே கொண்டுபோவது என்று யோசித்தேன். திரும்பிப் பார்த்தால், ஃபரீதாவின் வளவில் வீடு இல்லை. நீல யன்னல்கள் எல்லாம் வண்டியிற் குப்புறக் கிடந்தன.

சென்னைப் பெண்ணொருத்தி வந்து பார்த்துவிட்டு, “கேமையே மூடப் போறாங்கன்னா இதையெல்லாம் எங்கங்க எடுத்துட்டுப் போவீங்க?” என்று எழுதினாள். கூரை மேல் நின்ற தவராசா அண்ணன் கையில் இருந்த தகரத்தைக் கீழே இறக்கி வைத்துவிட்டுப் பதில் எழுதினார்.

“தங்கச்சி, யுத்த காலத்திலயும் எங்க போறமெண்டு தெரிஞ்சு நாங்கள் ஒருநாளும் வீட்டைக் கழட்டினதில்லை; கழட்டி ஏத்தினாப் பிறகுதான் போற இடம் தெரியவரும்.”

மறுப்பு

இரண்டு நாட்களில் நிறுவனம் மறுத்தது. அப்படியொரு எண்ணமே இல்லையாம். மறுப்பை எழுதி, வருத்தமும் தெரிவித்தேன். ரொறன்ரோக்காரர் சிரித்துவிட்டு மறந்தார்கள். தவராசா அண்ணன் ஒரே நாளிற் கூரையைத் திரும்பப் போட்டு, முன்பைவிட இறுக்கமாக ஆணியும் அடித்தார். ஃபரீதா வரவில்லை. வெறும் நிலமும், பாரம் ஏற்றிய வண்டியும் அப்படியே கிடந்தன. மூன்றாவது கிழமையும் அவர் வராதபோது, பரந்தனில் பஸ் மாறி முல்லைத்தீவுக்குப் போனேன்.

கடையில் யாருக்கோ சட்டைத் துணி கிழித்துக்கொண்டிருந்தார். கதிரை தந்து, தேநீர் வருவித்தார். “செய்தி பிழை, ஃபரீதா. நான் பார்த்துப் போட்டிருக்க வேணும். பிழை என்னுடையது” என்றேன். அதைச் சொல்வதற்காக வழியெல்லாம் அமைத்து வைத்திருந்த நீண்ட வாக்கியம் எங்கோ போய்விட்டது. அவர் முழக்கோலை மேசையில் வைத்தார். “எனக்குக் கோவமில்லை ரீச்சர். வாப்பா போகேக்க ஒரு யன்னலும் கொண்டுபோகேல்லை. கொண்டுபோக விடேல்லை. சாகுமட்டும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தவர். இந்தத் தரம் நான் ஒண்டையும் விடேல்லை, எல்லாத்தையும் கழட்டி ஏத்தினன். ஏத்திப்போட்டுப் பாத்துக்கொண்டு நிண்டன். பிறகு நீங்கள் பொய்யெண்டு போட்டியள்.” சிரித்தார் என்றே நினைக்கிறேன். பிறகு கைப்பேசியை என்னிடம் நீட்டி, “போடத் தெரிஞ்ச உங்களுக்கு நிப்பாட்டவும் தெரியும்தானே?” என்றார். செய்தி ஒலியை நானே என் கையால் நிறுத்திக் கொடுத்தேன். இருவருமாகச் சேர்ந்து அந்த வீட்டைத் திரும்பக் கட்டுவோம் என்றேன்.

“கட்டுறது பெரிய வேலையில்லை ரீச்சர். இனி உள்ளுக்குப் போய் நிண்டாலும், காது வெளியிலதான் இருக்கும்” என்றார்.

வண்டி

திரும்பி வந்த அன்றே பதவியை விடுவதாக ஜெகனிடம் சொன்னேன். அவர் கெஞ்சவில்லை. “விட்டிட்டுப் போங்கோ ரீச்சர், நாங்கள் பிழையோடயே போடுறம்” என்றார். என்னை அறிந்த மனிதர். அடுத்த நாட் காலை ஏழு மணிக்கு மறுபடியும் திருத்திக்கொண்டிருந்தேன். ஆயினும் இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறேன். இரண்டு தளங்களில் வராத எந்தச் செய்தியையும் ஜெகன் எனக்கு அனுப்பக்கூடாது என்பது ஒன்று. மற்றது, செய்தியைக் கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குத் திருத்துவது. கட்டுரைத் தாள் திருத்திய காலத்தில், பிள்ளையின் கதையில் இழுபட்டுப் பிழையைத் தவறவிடாதிருக்க நான் கைக்கொண்ட வழி அது. இப்போது ஒவ்வொரு சொல்லும் சரியாக இருக்கிறதென்று தெரியும். என்ன செய்தி என்று பெரும்பாலும் தெரியாது. அப்படி இருந்தும் கொக்கைக் கண்டு எழும்பப் பார்த்த அந்த மாதம் எனக்குத் திரும்பவில்லை. தீவுக்குப் போனாற் கண் தானாகக் குறை தேடுகிறது.

சில கிழமைகளுக்குப் பின், ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகைக்காகக் கடை பூட்டிய நேரத்தில் ஃபரீதா தீவுக்கு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அன்று தரையைக் கூட்டினார். அடுத்த வெள்ளி விறாந்தைத் தூண்களை நட்டார். ஒவ்வொரு வெள்ளியும் வண்டியிலிருந்து கொஞ்சம் இறங்கியது. கூரை ஏறியது, யன்னல்கள் வந்தன. ஒரு யன்னலை அவர் அரைச்சாண் தள்ளிப் பொருத்திவிட்டுத் தூரப் போய் நின்றபோது, நான் வேலியோரம் நின்றேன். நெடுநேரம் நின்று பார்த்தார். வீடு முடிந்தது. ஆனால் வெறும் வண்டி மட்டும் போகவில்லை. முற்றத்தின் நடுவே, அடுக்கிய காலிப் பெட்டிகளோடு, கைப்பிடி படலைப் பக்கம் பார்த்தபடி நின்றது. விறாந்தையிலிருந்து கடலைப் பார்க்க முடியாதபடி மறைத்தது. ஒரு தொடுகையில் அதை அகற்றிவிடலாம். நான்கு வெள்ளி பொறுத்தேன். ஐந்தாவது வெள்ளி, அவருக்கு எப்படியென்று தெரியாதோ என்று நினைத்து, “அதை எடுத்துவிடட்டுமா, ஃபரீதா?” என்று கேட்டேன்.

“அது நிக்கட்டும் ரீச்சர், அது முத்தத்தில நிண்டால்தான் எனக்கு உள்ளுக்கு இருக்க மனம் வருது.”

விளையாட்டுகளைப் பற்றிய அத்தனையையும் பிழையற்ற தமிழில் உங்களுக்குத் தெரிவிப்பது என் தொழில் ஆகையால், ஒரு விளையாட்டு விளையாட நன்றாக இருக்குமா என்று மட்டும் தயவுசெய்து என்னைக் கேட்காதீர்கள். அதை விளையாடுகிறவர் யாரிடமாவது கேளுங்கள்.